மதிலுக்குள்ளே இப்பில் இப்பில், வெளியே தரவை

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை 7 மணிக்கே எங்கள் ஒழுங்கைக்குள் ஜேசிபி வந்து நின்றது. கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான்தான் பிடித்திருந்தார். கோயில் திருவிழாவுக்கு முன்பு மாமாவின் காணியைத் துப்புரவாக்கவேண்டும் என்று அவருக்கு அவசரம். 16 பரப்பு, முழு ஓர் ஏக்கர். பொழுது சாய முதல் கிணற்றடி மூலையைத் தவிர மிச்சம் எல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்தது. வெட்டி இழுத்ததை அடுத்தநாள் குவித்து எரித்தார்கள். "இப்பதான் மச்சாள் காணி காணி மாதிரிக் கிடக்கு" என்றார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மழை விழுந்து மூன்றாம் கிழமை அங்கே போனேன். மதிலுக்குள்ளே எங்கு பார்த்தாலும் இப்பில் இப்பில் நாற்று; வெளிநாட்டிலிருந்து வந்து வேகமாகப் பரவும் மரம் அது. நாலு குச்சியை நட்டு, அடிக்கு அடி சதுரம் பிடித்து எண்ணினேன். ஓரிடத்தில் 43 நாற்று. இன்னோரிடத்தில் 51. ஜேசிபி வருவதற்கு முன்பு அந்த இடத்தில் அரைக்கை மொத்தத்தில் இரண்டு மூன்று மரம்தான் நின்றிருக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில் பிறந்து வளர்ந்தவள். 1991இல் இராணுவம் தீவுக்குள் வந்தபோது உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். ஊரே வெளியேறியது. அடுப்பில் உலை கொதிக்க விட்டுவிட்டு வந்த வீடுகள் இருந்தன. மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் வந்தார்கள்; கட்டிவைத்து விட்டு வர யாருக்கும் மனமில்லை. நான் திரும்பிப் போய்க் காலடி வைத்தது 2003இல். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, இரண்டு பக்கமும் கடல் தெரியும் தாம்போதியால் ஊருக்குப் போகிறேன். கையில் ஒரு கொப்பி. எங்கள் காணிகளில் எது முளைக்கிறது, எது வந்து போகிறது, எது வராமலே நின்றுவிட்டது என்று எழுதுகிறேன். 2011இல் தொடங்கினேன். இப்போது ஏழாவது கொப்பி ஓடுகிறது.

ஊருக்கு வந்து போகிறவர்கள் இரண்டு விதமாகச் சொல்லுவார்கள். பெரியவர்கள், "ஐயோ, ஊர் காடாய்ப் போச்சு" என்பார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள், மனிதர் போனால் இயற்கை திரும்பி வரும், அது நல்லதுதானே என்பார்கள். இரண்டு பேச்சிலும் அந்த நிலத்தை யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. என்னுடைய பெரியையாவுக்கு இப்போது 84 வயது. 2004இல் தனியாக வந்து குடியேறியவர். முதல் முறை நான் "காடு" என்று சொன்னபோது திருத்தினார். "காடெண்டால் கீழே நிழலிருக்கவேணும் பிள்ளை, நடந்து போகலாம். உது பற்றை."

எங்கள் ஆட்கள் நிலத்தை ஒற்றைப் பெயரால் சொன்னதில்லை. வயல், தோட்டம், வீடிருக்கும் வளவு, கலட்டி, பனங்காணி, மாடு மேயும் வெளி நிலமான தரவை. பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் இருக்கும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு வேலை நடந்தது. எல்லா வேலையும் ஏறக்குறைய ஒரே கிழமையில் நின்றது. ஆனால் 30 வருடம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் போயிருக்கிறது. எங்கே என்ன வளர்ந்தது என்பதைத் தீர்மானித்தது, அங்கே எந்த வேலை நின்றுபோனது என்பதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று கொப்பி பிடித்தது.

வயலில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஆகப் பெரிய இழப்பு அங்கேதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் தீவுகள் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கின்றன. ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழும் மழைதான் வருடத்துக்கும் தண்ணீர். அந்த மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. உப்புத்தண்ணீர் பாரம் கூடியது, நன்னீர் பாரம் குறைந்தது. அதனால்தான் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது நீரியல் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும்.

அந்த ஓர் அடியைப் பிடித்து வைத்திருந்தது வரம்பு. எங்கள் அப்பு புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைத்துவிட்டு, மழை வரும்வரை வரம்பு கட்டிக்கொண்டே இருப்பார். மழைநீர் நாலு விரல் உயரத்துக்கு வயலில் நின்று, மெல்ல இறங்கி, மேல் மண்ணில் ஏறியிருந்த உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகும். நெல் விளைந்தது ஒரு பலன். கிணறு தித்தித்தது மற்றப் பலன். இரண்டாவதை நாங்கள் பலன் என்று நினைத்ததே இல்லை.

1991க்குப் பிறகு வரம்பை யாரும் தொடவில்லை. மாடு மிதித்தது, எலி வளை போட்டது, ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கரைந்தது. உடைந்த வரம்பால் மழைநீர் நேரே கடலுக்குப் போனது. நின்று ஊறாத வயலில் சித்திரை வெயில் உப்பை மேலே இழுத்தது. நான் 2003இல் போனபோது எங்கள் வயலின் கடற்கரைப் பக்கம் முழுக்க உப்பு மண்ணில் வளரும் உமரி. கொஞ்சம் மேட்டில் கோரை. நடுவில் ஒன்றுமே முளைக்காத வெள்ளைத் திட்டு, செருப்பால் தேய்த்தால் பொருபொருவென்று வந்தது. வயல் காடாகவில்லை, பற்றையாகக்கூட ஆகவில்லை. அது கடற்கரையாகிக்கொண்டிருந்தது. வயலோரக் கிணற்றில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். சவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் குடித்த அதே கிணறு. இன்றைக்கு ஊரில் பல வீடுகளுக்குக் குடிதண்ணீர் பவுசரில்தான் வருகிறது.

தோட்ட நிலத்தில் நடந்தது வேறு. அங்கே புகையிலையும் வெங்காயமும் போட்டதால் மண்ணில் வருடக்கணக்காக எருவும் குழையும் சேர்ந்திருந்தது. கொத்திக் கொத்தி இளகிய மண். நாயுண்ணியும் எருக்கலையும் முதலில் வந்தன, பின்னால் இப்பில் இப்பில். கொண்டைக்குருவி நாயுண்ணிப் பழத்தைத் தின்று வேலி வேலியாக விதைத்துக்கொண்டு போனது. எருப் போட்டு நாங்கள் திருத்திய மண்தான் பற்றைக்கும் சோறு போட்டது. பக்கத்திலேயே கலட்டி, மண்வெட்டி இறங்காத கல் நிலம். யாரும் பெரிதாகப் பாடுபடாத இடம். அங்கே இன்றைக்கும் காரையும் ஈச்சையும் உடையும் அப்படியேதான் நிற்கின்றன. என் கொப்பியில் உள்ளூர்ச் செடிகள் அதிகம் பதிந்த பக்கங்கள் கலட்டியினுடையவை.

வளவுகளைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். பூவரசும் கிளுவையும் வேலிக் கதியாலாக நட்டவை. வருடா வருடம் குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்ப்பார்கள், அதனால் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. வெட்ட ஆள் இல்லாமல் போனதும் கதியால்கள் மரமாகிவிட்டன. கூரை விழுந்து, சுவர் கரைந்து, வீடு இருந்த அடையாளமே போய்விட்ட இடத்திலும் நாலு பக்கமும் வரிசை தப்பாமல் பூவரசு நிற்கிறது. படலை இருந்த இடத்தில் மட்டும் இடைவெளி. அந்த இடைவெளியை வைத்துத்தான் இது யாருடைய வளவு என்று நான் இன்னும் அடையாளம் பிடிக்கிறேன்.

பனங்காணியில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன்பு ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழம் ஒன்றுகூட நிலத்தில் தங்காது. பனாட்டுக்குப் போகும், கொட்டை பாத்திக்குப் போகும், கிழங்காகி ஒடியலாகும். பொறுக்க ஆள் இல்லாத முதல் வருடம் விழுந்த கொட்டை அத்தனையும் விழுந்த இடத்திலேயே முளைத்தது. 2003இல் இடுப்பளவு வடலிக்குள்ளால் நுழையவே முடியவில்லை, கருக்கு கையைக் கிழித்தது. இன்றைக்கு அந்த 1991ஆம் ஆண்டுக் கொட்டைகள் காய்க்கும் பனைகள். ஆணா பெண்ணா என்று இப்போதுதான் தெரிகிறது. போரில் தலை போன மொட்டைப் பனைகளின் பொந்தில் கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. தொங்கும் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் கூடு ஒட்டுகிறது. கைவிட்ட நிலத்தில் எனக்கு முழுச் சந்தோஷம் தரும் இடம் இந்த ஒன்றுதான்.

சரி, இனி மாடு.

அவிழ்த்துவிட்ட மாடுகள் செத்துப்போகவில்லை, பெருகின. ஊரில் கட்டாக்காலி மாடு என்பார்கள். சும்மா கிடக்கும் வயலையும் தரவையையும் மேய்ந்து திரிகின்றன. தோட்டம் வைக்க முயலும் சிலருக்கு இதுதான் முதல் எதிரி, அவர்கள் கோபம் நியாயமானது. நானும் பல வருடம் மாட்டைத்தான் குற்றம் சொன்னேன். மாடு புல்லைத் தின்னும், குழையைத் தின்னும், நாயுண்ணியையும் எருக்கலையையும் தொடாது. அப்படியென்றால் பற்றைக்கு வழி விடுவது மாடுதானே? பாதி சரி. மிச்சப் பாதியை மதில்கள் காட்டின.

போர் முடிந்தபிறகு வெளிநாட்டில் இருப்பவர்கள் காணிகளுக்கு மதில் கட்டத் தொடங்கினார்கள். காணி பறிபோய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆறடி மதில், இரும்புக் கேற், உள்ளே ஆள் இல்லை. 2016இல் மாமாவின் காணிக்கும் அப்படித்தான் கட்டினார்கள். நாலு வருடத்துக்குள் உள்ளே இப்பில் இப்பில் மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்தது. மதிலுக்கு வெளியே, அதே மண், அதே மழை, ஒட்டக் கடித்த புல்லும் ஆவரசும் மட்டும். நான் மதிலைச் சுற்றி நடந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒழுங்கையிலும் இப்பில் இப்பில் விதை விழுகிறது, முளைக்கிறது. ஆனால் இரண்டிலை விட்டதும் மாடு நக்கி எடுத்துவிடுகிறது. அது மாட்டுக்கு நல்ல தீன். இலங்கையில் அதை ஊக்குவித்து நடுவித்ததே தீனுக்கும் விறகுக்கும்தான். அதிகம் தின்றால் மாட்டுக்கு மயிர் கொட்டும், மற்றப்படி விரும்பித் தின்னும். மெக்சிக்கோப் பக்கத்து மரம், சுண்ணாம்பு மண் அதற்கு வாய்ப்பு. வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடந்து, மண்ணைக் கிளறினால் எழும்பும். மச்சானின் ஜேசிபி செய்தது அந்தக் கிளறலைத்தான்.

இதை எழுதிவைத்த காலத்தில்தான் ஒகசவரா பற்றி வாசித்தேன். டோக்கியோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தூரத்தில் பசிபிக்கில் இருக்கும் தீவுக்கூட்டம். 1944இல் போர் நெருங்கியபோது அங்கிருந்த 6,800க்கும் மேற்பட்டவர்களைப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கா வைத்திருந்தது. 1968இல்தான் ஜப்பானிடம் திரும்பக் கொடுத்தது. மிகச் சிலரைத் தவிர எல்லோருக்கும் 24 வருடம் ஊர் இல்லை. கரும்பும் மரக்கறியும் விளைந்த நிலங்கள் அப்படியே கிடந்தன. அவர்கள் திரும்பிப் போனபோது அந்தத் தோட்டங்களில் நின்றது என்ன தெரியுமா? இதே இப்பில் இப்பில். இரவு 11 மணிக்கு அதை வாசித்துவிட்டு எழும்பி முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

விறகுக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்த அகாகி என்ற மரமும் அங்கே பரவி, உலகில் வேறெங்கும் இல்லாத அந்தத் தீவுகளின் சொந்த மரங்களை நெருக்குகிறது. அப்புறம் ஆடுகள். வளர்த்த ஆடுகள் காட்டாடுகளாகிச் சொந்தச் செடிகளை மொட்டையடித்தன, மண் கரைந்து கடலுக்குப் போனது. அதனால் பல தீவுகளில் ஆடுகளை முற்றாக அகற்றினார்கள். சில செடிகள் மீண்டன. ஆனால் சில இடங்களில், ஆட்டின் வாய் இல்லாமல் போனதும், அதுவரை அடங்கிக் கிடந்த இப்பில் இப்பில் எழும்பிவிட்டது. எங்கள் மதிலுக்குள் நடந்ததும் இதுவேதான். ஒகசவரா 2011இல் உலக மரபுச் சொத்தானது. இன்றும் அங்கே ஆட்கள் மரம் மரமாகப் போய் அகாகியைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். தீவு என்றால் அப்படித்தான். பக்கத்துக் காட்டிலிருந்து விதை நடந்து வராது. கடலைக் கடந்து வரக்கூடியதும், ஏற்கெனவே உள்ளே இருப்பதும்தான் போட்டி போடும். எங்கள் புங்குடுதீவில் திரும்பி வர ஒரு பெருங்காடு பக்கத்தில் எங்கே இருக்கிறது?

பறவைகளையும் சொல்லவேண்டும். பற்றை வந்தபிறகு செண்பகம் கூடியிருக்கிறது, புலுனிக் கூட்டம் கூடியிருக்கிறது, கீரி கூடியிருக்கிறது. நாயுண்ணிப் பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். இவை வந்தது எனக்கும் பிடிக்கும். ஆனால் வெளி நிலத்துப் பறவைகள் போய்விட்டன. ஆள்காட்டி, அறுத்த வயலில் வெறும் நிலத்தில் முட்டையிடும். வானம்பாடிக்கும் கட்டைப் புல்வெளி வேண்டும். எங்கள் தோட்டப் பக்கம் 2011 முதல் 2018 வரை என் கொப்பியில் ஓர் ஆள்காட்டிக் கூடு இல்லை. தவளைச் சத்தமும் அப்படித்தான். நன்னீர் ஒரு மாதமாவது தேங்காத இடத்தில் அது எங்கே முட்டையிடும்? வரம்பில் ஆச்சி பிடுங்கி வந்த பொன்னாங்காணி, வல்லாரை இரண்டும் வரம்போடு போய்விட்டன. முசுட்டை மட்டும் வேலிப் பூவரசில் ஏறித் தப்பிவிட்டது. இப்போதும் போகும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து வறை வறுக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பற்றையோரமாகத் தனியாகச் சைக்கிளில் வர ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பயம். வெட்டித் துப்புரவாக்குங்கள் என்று ஊரவர்கள் கேட்பதில் எனக்கு மறுப்பே இல்லை. எப்படி வெட்டுவது, வெட்டிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் என் வழக்கு.

2019இல் பெரியையாவும் நானும் வயலில் 6 பரப்புக்கு மட்டும் வரம்பு கட்டினோம். கூலிக்கு இரண்டு பேர், மண்வெட்டி, நாலு கிழமை. உழவு மெசினை இறக்கவேண்டாம் என்று பெரியையா பிடிவாதம் பிடித்தார். முதல் வருடம் விதைக்கவே விடவில்லை. "உப்பு இறங்கட்டும்." இரண்டாம் வருடம் மொட்டைக்கறுப்பன் விதைத்தோம், மேட்டுப் பக்கம் மட்டும் பிடித்தது, கடற்பக்கம் கருகியது. மூன்றாம் வருடம் கடற்பக்கத்திலும் பாதி. நெல்லைக் கணக்குப் பார்த்தால் கூலிக்கே காணாது. ஆனால் அந்த மார்கழியில் ஒரு இரவு அங்கே தங்கினேன், தவளைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. மாசியில் அறுத்த வயலில் உள்ளான் இறங்கியது. பங்குனியில் பெரியையா போன் எடுத்தார். "பிள்ளை, ஆள்காட்டி என்னைப் பேசுது" என்றார். நான்கு முட்டை, புள்ளி போட்டது, வெறும் மண்ணில். நான் போகுமட்டும் அதைச் சுற்றி நாலு தடி நட்டு, அந்தப் பக்கம் மாட்டை விடாமல் காவல் இருந்தார்.

இந்தத் தை மாதம் அந்த வயலோரக் கிணற்றில் மேல் தண்ணீரை அள்ளி அவரிடம் கொடுத்தேன். வாயில் வைத்து, கொஞ்சம் யோசித்து, விழுங்கினார். "குடிக்கேலாது. தோய்க்கலாம்" என்றார். 2003இல் அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது.

மச்சானுக்கு நாற்றுப் படங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். முதலில் கோபம். திரும்பவும் ஜேசிபி விடவா என்று கேட்டார். அரை மணித்தியாலம் பேசினோம். ஒகசவரா கதை முழுக்கச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்: "மச்சான், இரண்டு மாரிக்குக் கேற்றைத் திறந்துவிடுவம். மாடு உள்ளுக்கு வரட்டும்."

காணிக்குள் மாடு விடுவதற்கா மதில் கட்டினது என்றார். பிறகு சரி என்றார்.

கிணற்றடி மூலைக்குள் துலாக்கல் நின்றதால் ஜேசிபி போகவில்லை. அங்கே மிஞ்சி நின்ற நாலு இப்பில் இப்பில் மரத்தின் நிழலில் ஒரு கன்று நிற்கிறது, முழங்கால் உயரம். இலுப்பை. கோயிலடியில் நிற்கும் கிழட்டு இலுப்பையிலிருந்து வௌவால் கொண்டுவந்து போட்டிருக்கவேண்டும், மாமாவின் காணியில் முன்பு இலுப்பை நின்றதில்லை. அதன் படத்தையும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "மாடு இதையும் தின்னாதோ?"

கேற்றைத் திறப்பதற்கு முதல்நாள் பெரியையாவின் வேலியில் எட்டுக் கிளுவங் கதியால் வெட்டிக்கொண்டு போய், கன்றைச் சுற்றி நட்டு, பனை நாரால் வரிந்து கட்டினேன். போன சனிக்கிழமை பார்த்தேன். கதியாலில் ஐந்து தளிர்த்துவிட்டது. காணிக்குள் எட்டு மாடு நின்றது.